சாய்வுத் தட்டுக்காரி

திருவொற்றியூரில் முழங்கால் தண்ணீர் நின்ற இடத்தில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கி ஷெட் போட்டவன் நான். துறைமுக ஏலத்தில் மோட்டார் இல்லாமல் துருவேறிக் கிடந்த, தகடு அடிக்கிற பிரஸ் மிஷினை, இது இனி ஓடாது என்று பார்த்தவர்கள் எல்லாம் சிரிக்கச் சிரிக்க, மாட்டுவண்டியில் ஏற்றிவந்து ஓடவைத்தவன் நான். வடசென்னையில் பாதிக் கல்யாண மண்டபங்களில் ரசம் ஊற்றுகிற வாளி என் ஷெட்டில் பிறந்தது. ராயபுரத்தில் மாதா திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சிய அண்டாவும், எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் காய்ச்சிய அண்டாவும் ஒரே நாளில் ஒரே தகட்டில் நான் வெட்டியவை. கரண்ட்டை வெட்டினார்கள், கையால் சக்கரம் சுற்றி ஆர்டரை முடித்தேன். வலது ஆள்காட்டி விரலில் ஒரு கணுவை மிஷின் எடுத்துக்கொண்டது. மறுநாள் கட்டோடு வந்து ஷெட்டைத் திறந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. என் மகள் என்ஜினியர்.

கடைசியாகச் செய்தது அந்தச் சாய்வுத் தட்டு. ஒரு பக்கம் பள்ளம், எதிர்ப்பக்கம் மேடு, நடுவில் தடுப்பு கிடையாது. எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் மெஸ்ஸில் சாப்பிட்ட யாருக்கும் அது தெரியும். யார் செய்தது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும், சுருக்க வேண்டாம். தட்டை எழுத வேண்டும் என்றால் முதலில் அந்த மெஸ்ஸுக்காரியை எழுத வேண்டும். நேரில் 'யம்மா' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இளையவள் என்பதால் எழுதும்போது 'அவள்' என்றே வருகிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மெஸ் அவளுடையது. அவளுக்குக் கை முதலில், வாய் பிறகு. எதையும் யாரையும் கேட்க மாட்டாள். செய்துவிடுவாள், நாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது காரணம் சொல்வாள். சில சமயம் அதுவும் சொல்ல மாட்டாள். அவளோடு பழகிய காலம் முழுக்க எனக்குத் தூக்கிவாரிப் போட்டபடியே கழிந்தது.

முதல் தடவை கரண்டி வாங்க ஷெட்டுக்கு வந்தாள். நான் மதியச் சாப்பாட்டுக்குக் கேரியரைத் திறந்து வைத்திருந்தேன். முன்பின் தெரியாத பொம்பளை, நேரே வந்து என் குழம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். என் ஷெட்டில், என் ஆட்கள் முன்னால். 

"யாரு சமைச்சது? வூட்டம்மாவா?"

ஆமாம் என்றேன்.

"எப்பலேர்ந்து உனுக்குப் பிரஷரு?"

எனக்கு ஒரு பிரஷரும் கிடையாது, இந்த வயதிலும் தனியாளாக, தட்டு அடிக்கிற இரும்பு அச்சான டையைத் தூக்குகிறேன் என்றேன்.

"உனுக்குத் தெரியாது நைனா. அவுங்களுக்குத் தெரிஞ்சிகீது. உப்பு இல்லாதது தெரியக் கூடாதுன்னு புளியக் கூட்டிக்கீறாங்க. போய் சண்ட போடாத. நல்ல பொம்பள."

கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வீட்டில் கேட்டேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். தெருவில் டாக்டர்கள் வந்து முகாம் போட்டபோது எனக்கும் கையில் பட்டை கட்டிப் பார்த்தார்களாம். நான் காதில் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேனாம். பிறகு இவளைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்களாம். மாதக்கணக்கில் என் சோற்றில் நடந்த விஷயம். பக்கத்தில் படுப்பவள் மறைத்தது, ஒரு விரல் நக்கிய கடைக்காரிக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது உப்பினால் அல்ல.

அவள் எந்த ஊர்க்காரி என்று கேட்டால் கேட்கிறவனைப் பார்த்துப் பதில் வரும். அவள் அம்மா ரங்கூனிலிருந்து கப்பலில் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள். வளர்ந்தது ராயபுரத்தில். சின்ன வயதில் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, துரைசாணி வீட்டு அடுப்படியில் வேலை. அங்கே முள்கரண்டியைத் துடைத்துத் துடைத்தே அதில் சாப்பிடவும் கற்றுக்கொண்டாள். கட்டிக்கொண்டது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தெலுங்கரை. "வூட்ல தெலுங்கு, ரோட்ல தமிழு, கோவம் வந்தா பர்மா" என்பாள். அந்த மெஸ்ஸில் திங்கள்கிழமை பருப்பும் கோங்குரா என்கிற புளிச்சக்கீரையும் இருக்கும், வெள்ளிக்கிழமை வஞ்சிரக் குழம்பு, சனிக்கிழமை வாழைத்தண்டு போட்ட பர்மா சூப்பு. எங்கள் ஊர் மூட்டை தூக்கும் ஆட்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த வெல்டர்கள், லாரி ஓட்டும் பாய், மீன்பிடித் துறைமுகத்து ஜோசப்புகள் எல்லாரும் அங்கேதான்.

அவள் புருஷன் ஒரு காலையில் செத்துப் போனார். மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பெஞ்சியில் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் தெலுங்கில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் காணோம். எங்கே என்று கேட்டேன். மெஸ்ஸுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள்.  அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். போய்ப் பார்த்தால், வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வழக்கம்போல ஒருத்தனை, "இன்னாடா மூஞ்சி, பொண்டாட்டி போன் எடுக்கலியா" என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறாள். யாருக்கும் விஷயம் தெரியாது.

என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அரிசிய ஒலைல போட்டப்பறம்தான் நைனா போனாரு. வெந்த சோத்தக் கொட்டச் சொல்றியா?"

கடைசி ஆள் கை கழுவின பிறகுதான் எல்லாரிடமும் சொன்னாள். ஈரக் கையோடு அத்தனை பேரும் சிலை மாதிரி நின்றார்கள். அப்படியே அவள் பின்னால் வீடு வரைக்கும் நடந்தார்கள். வாசற்படி ஏறும்போது அவள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவளுக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனிமேல் தட்டுக் கதை.

மெஸ்ஸில் பாதிக்குப் பாதி எங்கள் ஊர் லோடு ஆட்கள். அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. நல்ல மனுஷன், என் தெரு, கோபம் மட்டும் மூக்குக்கு மேல் ஏறி நிற்கும். வடக்கிலிருந்து வந்த வெல்டர்கள் கூடிப்போனதும் அவருக்கு ஏதோ பிடிக்காமல் போய்விட்டது. அவர்கள் சோற்றில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, மீனை வறுத்து அதில் போட்டுச் சாப்பிடுவது கலீஜாக இருக்கிறது, அந்தத் தட்டில் எங்கள் ஆள் சாப்பிட மாட்டான், அவர்களுக்குத் தட்டைத் தனியாக வை, அடையாளம் போடு என்றார். இல்லையென்றால் என் ஆட்களை நாளை மறுநாளிலிருந்து வேறு இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லிவிட்டார். வெல்டர்களுக்கு விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. உங்கள் ஆட்கள் தின்பது மட்டும் எங்களுக்கு ஆகுமா, எங்களுக்கே தனித் தட்டுதான் வேண்டும் என்று அவர்களும் முறைத்துக்கொண்டார்கள்.

பாதி ஆட்கள் போனால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான். அவளுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்து அப்போதுதான் மூச்சு விட்டிருந்தாள். நான் சுலபமான வழி சொன்னேன்: ஒரு பங்குத் தட்டுக்கு விளிம்பில் சிவப்புக் கோடு அடித்துத் தருகிறேன், ஒரே சாயங்காலத்து வேலை, பிரச்சினை தீர்ந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, நாளைக்கு ஒரு முழு ஷீட்டும் தகடு வெட்டுகிற பெரிய கத்தரியும் கொண்டு வா என்றாள். புதுத் தட்டுக்கு ஆர்டர் என்று நினைத்து நான் சந்தோஷமாகப் போனேன்.

மெஸ்ஸின் பின்பக்கம் தட்டுகள் எல்லாம் அடுக்கியிருந்தன. நான் அடித்துக் கொடுத்த தட்டுகள், பாலிஷ் இன்னும் போகாதவை. அவள் கத்தரியை என் கையிலிருந்து வாங்கினாள். முதல் தட்டை எடுத்து நடுவில் வைத்து அழுத்தினாள். கறக், கறக் என்று இரண்டு பாதியாக விழுந்தது. அடுத்ததை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். சோறு போடுகிற தட்டை வெட்டுவதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அடுப்பில் நின்ற வேலைக்காரப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்று பாக்கி இல்லாமல் வெட்டிப் போட்டாள். கட்டைவிரல் கிழிந்து ரத்தம் வந்தது. மஞ்சள் தூளை அப்பிக்கொண்டு, மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஷீட்டை விரி என்றாள்.

ஷீட்டின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அதை மடித்து விளிம்பு எழுப்பியது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மூன்று பக்கம் மடித்து முடிப்பதற்குள் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது. நாலாவது பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

ஆட்கள் வந்தார்கள். நீளமான வெறும் தகட்டின்மேல் இரண்டு பக்கமும் வரிசையாகச் சோற்றுக் குவியல், ஆவி பறக்கிறது. தட்டு ஒன்றுகூட இல்லை. வெட்டிய தட்டுப் பாதிகள் வாசலிலேயே குவிந்து கிடந்தன; உள்ளே வர வேண்டும் என்றால் அவற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். 

"தனித் தட்டும் இல்ல, பொதுத் தட்டும் இல்ல. பசிக்கிறவன் குந்து. பசிக்காதவன் வழிய வுடு" என்று சொல்லிவிட்டு அவளே ஒரு குவியலின் முன்னால் உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தாள்.

முதலில் உட்கார்ந்தது லாரி பாய். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சகனில் நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றித்தான் உட்காருவோம், இது கொஞ்சம் பெரிய சகன், அவ்வளவுதானே என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் ஒருத்தன், எதிரில் ஒருத்தன் என்று மெதுவாக நிரம்பியது. மேஸ்திரி வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், சோற்றைப் பார்த்தார்கள். கடைசியில் பசிதான் அவரைப் பிடித்துத் தள்ளியது. யாரும் இல்லாத மேற்குக் கோடியில் போய் உட்கார்ந்தார். ஆனால் அவர் எதிரில் இருந்த இடம் ஒன்றுதான் பாக்கி. அதில் ஒடிசா வெல்டர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும், வாய் பேசாத ஆள். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தவர் என்று மேஸ்திரி கைநீட்டிக் காட்டியது அவரைத்தான்.

எல்லாம் நல்லபடியாகவே போனது, ரசம் வருகிறவரைக்கும். அவள் வாளியோடு எழுந்து எல்லாருக்கும் தாராளமாக ஊற்றிக்கொண்டே போனாள். அந்த மெஸ் நிற்கிற மண் உப்பளத்து மண். வருஷா வருஷம் மேற்குப் பக்கம் கொஞ்சம் இறங்கும். தட்டில் சாப்பிட்டபோது அது யாருக்கும் தெரியவில்லை. இப்போது அத்தனை பேருடைய ரசமும் ஒன்றாகச் சேர்ந்து, பருப்பையும் மிளகையும் அடித்துக்கொண்டு, மேற்கே ஓட ஆரம்பித்தது. நான் விளிம்பு மடிக்காத பக்கம் அதுதான். மேஸ்திரியின் மடிக்கு நேராக வருகிறது. தமிழில் ஒருத்தன் தூக்கு என்கிறான், தெலுங்கில் ஒருத்தன், இந்தியில் ஒருத்தன், எல்லாம் ஒரே வார்த்தைதான்.  மேஸ்திரி வேட்டியில் சுடு ரசம் விழுந்தால் அன்றைக்கு அங்கே கைகலப்புதான், மெஸ் அதோடு சரி.

எதிரில் இருந்த வெல்டர் இரண்டு கையாலும் தன் சோற்றை வாரி மேஸ்திரிக்கு முன்னால் கரை கட்டினார். வயல் வரப்பு கட்டுகிற மாதிரி, தட்டித் தட்டி. ரசம் வந்து அதில் முட்டி நின்றது. ஒரு ஓரத்தில் கசிந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். அவர் கை தானாகப் போய் தன் சோற்றை எடுத்து அந்த ஓட்டையில் அப்பியது. பிறகு தலையைத் தூக்காமல், "இன்னும் கொஞ்சம் சோறு வைம்மா. ஒடைச்சிக்கினு வருது" என்றார்.

அவள் வைத்தாள்.  ஆவி பட்டதாலோ என்னவோ மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் யாரோ மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஏதாவது கொடு என்றான். ஆளாளுக்குப் பாக்கெட்டில் கைவிட்டார்கள். ஒருத்தன் இரும்பு நட்டு எடுத்தான், ஒருத்தன் உடைந்த ஓடு, பாய் ஒரு மரச்சில்லு. எல்லார் பாக்கெட்டிலும் ஒன்று இருந்தது. அவள் என் முழங்கையை இடித்தாள்.

"பாத்தியா நைனா? ரசம் ஊத்தறவன், தண்ணிச் சோறு துண்றவன், சூப்பு குடிக்கிறவன், அத்தன பேரும் தட்டுக்குக் கீய ஒண்ணு வெச்சி சாய்ச்சிட்டுத்தான் துண்றான். நான் தெனம் கூட்டி வாரி எட்த்துப் போடறேன்."

 என் ஷெட்டில் என் ஆட்கள் தட்டுக்கு அடியிலும் நட்டு இருக்கும். நானும் வைப்பேன். வாழ்நாள் முழுக்கத் தட்டு அடித்தவன், தட்டைச் சாய்த்தே சாப்பிட்டவன். சாய்ந்த தட்டை அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நான் மறைக்கவில்லை. யோசனை அவளுடையது.

ஆனால் யோசனையில் சோறு போட முடியாது. மறுநாள் ஷெட்டுக்கு வந்து ஒரு தட்டைப் பட்டடையில் வைத்துச் சுத்தியால் ஒரு பக்கத்தை அடித்துப் பள்ளமாக்கி, இப்படி வேண்டும் என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை டையாக்கிப் பாருங்கள், தெரியும். ஒரு பக்கம் மட்டும் ஆழம் என்றால் தகடு சமமாக இழுபடாது. ஆழமான பக்கம் கிழியும், மேடான பக்கம் சுருங்கும். கிழிந்த தகடு ஷெட்டில் மலையாகக் குவிந்தது. டை வெட்டுகிற பெரிய கம்பெனி ஆட்களே இது வராது, விட்டுவிடு என்றார்கள். நான் விடவில்லை. முதல் அடியில் பாதி ஆழம், எடுத்து விளக்கெண்ணெய் தடவி, இரண்டாவது அடியில் மீதி. வந்தது. தட்டைத் தப்பும் தவறுமாக அடுக்கினால் அடுக்கு சரியும் என்பதால், பள்ளம் எந்தப் பக்கம் என்று தடவினாலே தெரியும்படி விளிம்பில் கட்டைவிரல் பதிய ஒரு குழி. அது முழுக்க என் மூளை.

அந்தத் தட்டின் அழகு என்னவென்றால், அதை எப்படித் திருப்பினாலும் சரி. தண்ணீர்ச் சோற்றுக்காரர் பள்ளத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். ரசத்துக்காரர் எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டு சோற்றை மேட்டில் வைத்துத் தள்ளித் தள்ளிச் சாப்பிடுவார். ரொட்டிக்காரனுக்குப் பருப்பு ஓரமாக ஒதுங்கும். முள்கரண்டியால் சாப்பிடுகிறவனுக்கும் சோறு ஓடாது, மேட்டுப்பக்கம் தடுத்துக்கொடுக்கும். யாரையும் எதையும் மாற்றச் சொல்லாத தட்டு. முதல் மாதம், திருப்பி வைத்திருப்பதைப் பார்த்தே எந்த ஊர் ஆள் என்று நான் சொல்லிவிடுவேன். பிறகு முடியவில்லை. ஒரு நாள் மேஸ்திரி பள்ளத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "வெயிலுக்கு நல்லாகீது. உனுக்கு இன்னா?" என்றார். மெஸ்ஸை விட்டு ஒருத்தரும் போகவில்லை.

இவ்வளவு நல்ல பொருளுக்குப் பேர் வேண்டாமா? தட்டின் அடியில் விழும்படி டையிலேயே எழுத்துகளைத் திருப்பி வெட்ட ஏற்பாடு செய்தேன். மேலே அவள் பேர், கீழே என் பேர். அவளுக்குச் சொல்லாமல் செய்தேன். ஒரு தடவையாவது அவள் வாயைப் பிளக்கட்டும் என்று. அந்த எழுத்தோடு அடிப்பதற்கு முன்னால் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் டை இல்லை. பிரஸ்ஸின் வயிறு காலியாக இருக்கிறது. என் ஆட்கள் சுவரைப் பார்க்கிறார்கள்.

மெஸ் அக்கா வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றான் ஒருத்தன். அவ்வளவு கனத்தை அவள் எப்படி எடுத்தாள் என்று கேட்டேன். நாங்கள்தான் அண்ணே ஏற்றிவிட்டோம் என்றான்.

 சொந்தப் பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. மெஸ்ஸுக்கு ஓடினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாதவரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறேன், அப்புறம் மணலிக்குப் போகும், அப்புறம் உனக்கு வரும் என்று சாதாரணமாகச் சொன்னாள். யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கத்தினேன்.

"யாரயும் கேக்கல."

"அது என்னோட டை, யம்மா."

"உன்துதான். நான் இன்னா துண்ணவா போறேன்? நீ ஒருத்தன் அடிச்சி எத்தினி பேருக்கு நைனா குடுப்ப? அந்தாண்ட ஒரு மெஸ்ஸுல இன்னமும் செவப்புக் கோடு போட்ட தட்டு வேற, வெள்ளத் தட்டு வேறன்னு வெச்சிகீறான். கண்ணால பாத்துட்டு வந்தேன். நீ அடிச்சி முடிக்கிற வரிக்கும் அவன் அப்படியேதான் துண்ணணுமா?"

 டை ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரு நாள் லோடு ஆட்டோவில் திரும்பி வந்தது. துணியை எடுத்துப் பார்த்தேன். எழுத்து இருந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. கிரைண்டர் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அவள் பேரும் இல்லை, என் பேரும் இல்லை.

இரண்டாவது தடவையாக ஓடினேன். அடுத்தவன் பேரைத் தன் மிஷினில் எவன் அடிப்பான், பேர் இருந்தால் அவன் டையையே தொட்டிருக்க மாட்டான், அதனால் முதல் நாளே தேய்க்கச் சொன்னேன் என்றாள். உன் பேரைத் தேய்த்தாய் சரி, என் பேரை ஏன் தேய்த்தாய் என்று கேட்டேன்.  சூப்பை ஊற்றி முன்னால் வைத்தாள். குடித்தேன். கோபத்தில் ருசி தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சூப்புதான் வந்தது.

அவள் செத்துப்போன அன்றைக்கு, அவள் வளர்ந்த ராயபுரத்திலிருந்து ஜெபம் சொல்ல ஒருத்தர் பைபிளோடு வந்திருந்தார். புருஷன் வீட்டார் மஞ்சளும் குங்குமமும் கொண்டு வந்தார்கள். பர்மா வழியில் செய்ய வேண்டும் என்று அவள் சித்தி மகன் நின்றார். புதைப்பதா, எரிப்பதா என்று பேச்சு தடிக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டாளாம். மகளிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். மூன்று கூட்டமும் கையில் வைத்திருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது. வண்டிக் கதவைச் சாத்தியது அந்த மேஸ்திரிதான். சாத்திவிட்டு அதன்மேலேயே கை வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

போன மாதம் என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். நகரத்தில் ஏதோ கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் நம் தட்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு போனேன்.  தட்டைச் சாமி படம் மாதிரி நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள், பள்ளம் மேலே இருக்கும்படி. பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு அட்டை. மகள் படித்துச் சொன்னாள்: பல பண்பாடுகள் சேர்ந்து வாழும் வடசென்னையின் அடையாளம் இந்தத் தட்டு. வடிவமைத்தவர்கள்: பெயர் அறியப்படாதவர்கள்.

அறியப்படாதவர்கள். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் நிற்கிறேன், மூக்கு கண்ணாடியில் இடிக்கிறது.

அங்கே பொறுப்பில் இருந்த பெண் மரியாதையான பெண். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், தட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். ஐயா, அடியில் பேர் எதுவும் இல்லையே, உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள், அட்டையை மாற்றலாமா என்று பெரியவர்களைக் கேட்கிறேன் என்றாள். எழுதிவிட்டேன். டை இன்னும் என் ஷெட்டில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் காட்டுகிறேன், வேண்டும் என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டே வருகிறேன். தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும்.

அவள் பேரை நான் இதில் எழுதவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது அவள் பேர். தேய்க்க அவளுக்கு உரிமை இருந்தது. என் பேரைத் தேய்க்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. தட்டை முதலில் படுக்க வையுங்கள். பிறகு அந்த அட்டையை எடுத்துவிட்டு வேறு எழுதுங்கள்: சாய்த்தவள் எண்ணூரில் மெஸ் நடத்திய ஒரு பெண். டை வெட்டி அடித்தவன், விளிம்பில் குழி வைத்தவன், திருவொற்றியூரில் இன்னும் உயிரோடு இருக்கிறான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் உள்ளபடியே, ஒரு எழுத்து குறையாமல் போடுங்கள்.